வலப்பக்கத்து முதல் படம்

வரிசையாக மூன்று படங்கள் மாட்டியிருந்தால் என்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு நகர முடிவதில்லை. சுகாதார நிலையத்தில் கை கழுவும் முறை என்று ஒட்டியிருப்பார்கள். முதலில் நம் வழக்கப்படி இடப்பக்கத்திலிருந்து பார்ப்பேன். அழுக்குக் கை, சோப்பு, சுத்தமான கை. பிறகு வலப்பக்கத்திலிருந்து பார்ப்பேன். சுத்தமான கை, சோப்பு, அழுக்குக் கை. இப்படி நின்று நின்று பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். கூட வருகிறவர்கள் எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. பார்க்க வேண்டிய சமயத்தில் இப்படிப் பார்க்காமல் விட்டதற்கு இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் அக்காவின் கணவருக்கு ஊரில் அவசரக்காரர் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். பல வருஷங்களாக அதை அக்காவிடம் சொல்லாமல் இருக்கிறேன். இதில் யார் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. படிக்க வேண்டியவளுக்குப் பெயர் தேவைப்படாது.

அப்போது நான் மன்னார்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். பெரிய கோயில் குளத்துக்குப் போகும் தெருவில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எங்கள் தெருவில் முதல் டிகிரி என்னுடையது. ஏசி ரூமில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து வேலை செய்கிற பெண் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. சென்டரை நடத்தியவர் வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். நாங்கள் எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், ஆனால் என்னை ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை.

மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் குறுவை போன வருஷங்கள் அவை. தண்ணீர் வந்த வருஷத்திலும் அறுப்பு மெஷின் வந்து இறங்கி, நாற்பது பேர் இரண்டு நாள் அறுக்கிற வயலை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டுப் போனது. ஊரில் பாதி ஆண்கள் பாஸ்போர்ட் எடுக்கக் கிளம்பினார்கள். வெல்டிங் மெஷினைத் தொட்டே பார்க்காதவருக்கு நான் வெல்டர் என்று பயோடேட்டா அடித்திருக்கிறேன். அனுபவம் எத்தனை வருஷம் என்று கேட்டால், "நீங்களே பாத்துப் போடுங்க" என்பார்கள்.

பாயின் தம்பி வளைகுடாவில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆபீசில் இருந்தார். ஊர்க்காரர்களுக்கு விசா எடுத்துத் தருவதும் அவர்தான், எங்கள் சென்டருக்கு வேலை அனுப்புவதும் அவர்தான். அந்தக் கம்பெனி பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கிற கம்பெனி. வேலைக்குச் சேரும்போதும் வேறு வேலைக்கு மாறும்போதும் முதல் நாள் சுவரில் ஸ்லைடு காட்டிப் பாதுகாப்புப் பாடம் நடத்துவார்கள். இங்கிலீஷில் இருந்த அந்த ஸ்லைடுகளை அரபியில் செய்ய வேண்டும். அரபி வாசகத்தை அங்கேயே ஒருவர் எழுதித் தனி ஃபைலாக அனுப்பிவிடுவார். அதை எடுத்து ஸ்லைடில் ஒழுங்காக உட்கார வைப்பது என் வேலை.

எனக்கு அரபியில் ஓர் எழுத்து தெரியாது. கம்ப்யூட்டருக்கும் தெரியவில்லை. அதில் அரபியைச் சேர்ப்பதற்கே அரை நாள் போனது. ஒரு சிடியைக் கேட்டது, போட்டேன். இன்னொரு சிடியைக் கேட்டது. கடைசியில் மேல் பட்டையில் புதிதாக இரண்டு பட்டன்கள் முளைத்தன. ஒன்றில் அம்பு வலப்பக்கம், இன்னொன்றில் இடப்பக்கம். இடப்பக்கத்து அம்பை அமுக்கியதும் கர்சர் ஓடிப்போய் ஸ்லைடின் வலது ஓரத்தில் நின்றுகொண்டு கண் சிமிட்டியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பாய் எட்டிப் பார்த்து, "அரபிய அந்தப் பக்கத்துலேருந்துதான் படிக்கணும். இனிமே அதுதாம்மா உங்களுக்கு ஆரம்பம்" என்றார்.

அதற்குப் பிறகு சிரிக்க நேரமில்லை. வாசகத்தை ஒட்டினால் முற்றுப்புள்ளி வாக்கியத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. அடைப்புக்குறிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்தால் அது மட்டும் நம் பக்கத்திலிருந்து ஓடும், மற்றதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வரும். ஃபான்ட் சரியில்லை என்றால் எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகச் சிதறி நிற்கும். அது ஒன்றுதான் எனக்கே பார்த்ததும் தெரிகிற தப்பு. வரிகளுக்கு முன்னால் போடும் புள்ளிகளை வலது ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அட்டவணையின் முதல் கட்டத்தைக் கடைசியாக்கினேன். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. அரபியிலேயே பிறந்து வளர்ந்தவள் போல அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டன் எழுத்தைத்தான் திருப்பும். படத்தைத் திருப்பாது. படம் போட்ட இடத்திலேயே கிடக்கும். இதை நான் முதல் வாரத்திலேயே கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

கவனித்ததால்தான் முதல் தொகுப்பில் சில போட்டோக்களைப் பிடித்துக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிவிட்டேன். ஸ்லைடு முழுக்கத் திரும்பும்போது படமும் திரும்ப வேண்டாமா என்று என் புத்திசாலித்தனம். அங்கே திரையில் பார்த்தால் தொழிலாளியின் ஹெல்மெட்டில் கம்பெனி பெயர் இடம் வலம் மாறி ஓடுகிறது. ஆபீசில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பாயின் தம்பிக்கு அவமானம். பாய் என் மேஜைக்கு வந்து, கோபப்படாமல்தான் சொன்னார். "இனிமே போட்டோவுல மட்டும் கை வைக்காதீங்கம்மா. எழுத்தைப் பாத்துக்குங்க, போதும்."

எனக்கு முணுக்கென்று கோபம் வரும். அன்று வந்தது. சரி, இனி போட்டோ பக்கமே போவதில்லை என்று முடிவு கட்டினேன். அம்பு போட்டிருந்த ஸ்லைடுகளில் மட்டும் அம்பைத் திருப்பிவிட்டுப் படங்களை இடம் மாற்றினேன். அம்பு இல்லாத இடத்தில் போட்டோக்கள் இருந்தபடியே இருந்தன. பாய் படத்தைத் திருப்பாதே என்றுதான் சொன்னார். இடம் மாற்றாதே என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் புரியாமல் இல்லை. வீம்பு.

இரண்டாவது தொகுப்பில் பதினோராவது ஸ்லைடுக்கு அம்பு இல்லை. மேலே ஒரே ஒரு தலைப்பு, மூடிய தொட்டியில் வேலை என்று. கீழே வரிசையாக மூன்று போட்டோ. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் படங்களுக்குக் கீழே வாசகம் கிடையாது. இடப்பக்கத்து முதல் படத்தில் ஒருவர் தொட்டிக்கு வெளியே நின்று, உள்ளே குழாயை விட்டு மீட்டரில் விஷக்காற்று இருக்கிறதா என்று பார்க்கிறார். நடுப் படத்தில் தொட்டி வாயில் ஒரு பெரிய ஃபேன் காற்றடிக்கிறது. கடைசிப் படத்தில் இடுப்பில் கயிறு கட்டிய ஆள் ஏணியில் உள்ளே இறங்குகிறார்.

தலைப்பை அழகாக வலது ஓரத்தில் வைத்தேன். படங்களைத் தொடவில்லை.

செய்து முடித்த ஸ்லைடுகளை அனுப்புவதற்கு முன் ஒரு ஹஜ்ரத் பார்த்துக் கொடுப்பார். அரபுக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர், பக்கத்துப் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர். அவர் மாடியேறி வருகிறார் என்றால் பாய் டிவியை அணைப்பார், நான் எழுந்து நிற்பேன். எழுத்து உடைந்திருக்கிறதா, வரி இடம் மாறியிருக்கிறதா என்று பேப்பரில் விரலை ஓட்டிப் பார்ப்பார். உருவப்படங்களைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது என்று எனக்கு ஓர் எண்ணம். யாரும் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். ஆகவே அவருக்குப் பிரின்ட் எடுக்கும்போது போட்டோக்களையெல்லாம் நீக்கிவிட்டு வாசகத்தை மட்டும் எடுப்பேன். மரியாதை தெரிந்த பெண் என்று அவர் மனதில் பெயர் வாங்கியிருப்பேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. பதினோராவது ஸ்லைடில் அவர் பார்த்தது ஒரு தலைப்பையும் அதற்குக் கீழே ஒரு வெள்ளைத்தாளையும்தான். தலைப்பில் ஒரு தப்பும் இல்லை. பச்சை மையில் டிக் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஸ்லைடுகளில் நான் சொந்தமாகச் சேர்த்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் வெளிர்பச்சையில் ஒரு கரை. புடவைக்குக் கரை இருப்பதுபோல் இருக்கட்டும் என்று போட்டேன். அங்கே யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் அத்தான் அதே கம்பெனிக்குப் போனதில் அதிசயம் எதுவும் இல்லை. பாயிடம் சொல்லி விசா கேட்டவளே நான்தான். அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம், இரண்டு பிள்ளைகள். வயலில் வேலை இல்லை. அத்தானுக்குப் போக மனசே இல்லை. அக்காதான், "எல்லாரும் போறாங்க, உங்களுக்கு மட்டும் காலு வலிக்குதா" என்று இடித்துக்கொண்டே இருந்தாள்.

அத்தான் எப்படிப்பட்ட மனிதர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு மெதுவாள். சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் எழுந்து கை கழுவி வந்த பிறகும் ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருப்பார். வாய்க்காலைத் தாண்டுவதென்றால் முழங்கால் ஆழம் என்று தெரிந்தாலும் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். எங்கள் பக்கம் சில வயல்களில் பம்புசெட் என்ஜினை ஆழமான குழிக்குள் வைத்திருப்பார்கள். நாள்பட மூடிக் கிடந்த குழியில் கெட்ட காற்று தங்கும். யாராவது இறங்கப் போனால் அத்தான் விட மாட்டார். அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார். விளக்கு அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். மற்றவர்கள் பொறுமையிழந்து பீடி பற்றவைப்பார்கள். "பீடி பத்தவைக்கிற நேரம் இருக்குல்ல, விளக்கையும் பாத்துட்டுப் போ" என்பார்.

அவர் போன மூன்றாவது மாதம் போன் செய்தபோது நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா பேசி முடித்து என்னிடம் கொடுத்தாள். உங்கள் கம்பெனிக்கு அரபி ஸ்லைடு நாங்கள்தான் செய்கிறோம், சுவரில் படம் காட்டும்போது அடியில் பச்சைக்கரை தெரிந்தால் அது நான் செய்தது என்று பெருமையடித்தேன். "அப்படியா பாப்பா, பாக்குறேன்" என்றார். கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் பாயின் தம்பி போன் செய்தார். ஒரு தொட்டிக்குள் இறங்கிய அத்தான் மயங்கி விழுந்துவிட்டார், கயிற்றைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்துவிட்டார்கள், உயிருக்கு ஆபத்தில்லை. கடைசியில் ஒரு வாக்கியம் சொன்னார். "சொல்லிக் குடுத்த மாதிரி செய்யாம அவசரப்பட்டு எறங்கிட்டாராம்."

அக்கா வீட்டுக்குள் அந்த வாக்கியம் அன்றைக்கு நுழைந்தது. பிறகு வெளியே போகவே இல்லை.

ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அவரை ஊருக்கு அனுப்பினார்கள். வந்து இறங்கியவருக்குக் கை நடுங்கியது. மண்வெட்டியைப் பிடித்தால் பத்து வெட்டுக்கு மேல் மூச்சு வாங்கியது. பேச்சில் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நீண்ட இடைவெளி. கம்பெனி ரிப்போர்ட்டில் பயிற்சியில் காட்டிய முறையை இவர் பின்பற்றவில்லை என்று இருந்தது. அதனால் அங்கிருந்து நஷ்டஈடு எதுவும் வரவில்லை. அக்கா ஒரு பால் மாடு வாங்கி வளர்த்தாள், வந்த நூறு நாள் வேலைக்குப் போனாள், தையல் தைத்தாள். அவளுக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. "ஒரு நிமிசம் நின்னிருந்தா என்னவாம்? எதுக்கு அப்படி அவசரம்? சொல்லிக் குடுத்ததக் காதுல வாங்குனீங்களா இல்லியா?" அத்தான் தலையைக் குனிந்துகொள்வார். வாழ்நாள் முழுக்க மெதுவாள் என்று அவளிடம் திட்டு வாங்கியவர், இப்போது அவசரக்காரர் என்று திட்டு வாங்கினார். இதில் இருக்கிற முரண் யாருக்கும் உறைக்கவில்லை. ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. தெருப்பிள்ளைகள் சைக்கிளில் வேகமாகப் போனால் பெரியவர்கள் அவரைக் காட்டி, பார்த்தியா, அவசரப்பட்டா அப்படித்தான் என்பார்கள்.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. விளக்கை இறக்கிப் பார்க்கிற மனிதர் எப்படி இறங்கினார்? ஒரு மத்தியானம், அக்கா பால் ஊற்றப் போயிருந்தபோது அவரிடமே கேட்டேன்.

"காட்டுன மாதிரிதான் பாப்பா செஞ்சேன்" என்றார். "தொட்டி வேலைக்கு அப்பதான் மாத்துனாங்க. மேஸ்திரி புதுசு. அரபிக்காரரு. சுவத்துல படத்தப் போட்டு... பெரம்பால தொட்டுத் தொட்டுக் காட்டுனாரு."

காட்டிய விதத்தைத் தன் கையால் காட்டினார். நடுங்குகிற வலது கையை எட்டிய மட்டும் வலப்பக்கம் நீட்டி, காற்றில் ஓரிடத்தைத் தொட்டார். "மொதல்ல ஆளு எறங்குறது." கையை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்தார். "அப்புறம் ஃபேன்." கை இடப்பக்கம் வந்து நின்றது. "அப்புறம் மீட்டர்."

பால் கறக்க நேரமாகிவிட்டது என்றோ என்னவோ உளறிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பால் கறந்து ஊற்றத்தான் அக்கா போயிருந்தாள் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

நேராக பஸ் ஏறி சென்டருக்குப் போய்ப் பதினோராவது ஸ்லைடைத் திறந்தேன். மூன்று படங்களும் நான் விட்ட இடத்தில் இருந்தன. தலைப்பு வலது ஓரத்தில் ஆரம்பிக்கிறது. தலைப்பின் முதல் எழுத்துக்கு நேர் கீழே, கயிறு கட்டிய ஆள் ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். அந்த ஆளின் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. அதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்த முதுகு. அன்று அது அத்தானின் முதுகாகத் தெரிந்தது. இன்றுவரைக்கும் அப்படித்தான் தெரிகிறது.

அன்று சாயங்காலம் ஹஜ்ரத் வேறு வேலையாக வந்தார். அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, இந்த ஸ்லைடு என்ன சொல்கிறது என்று கேட்டேன். அவர் கண் நேராக வலது மூலைக்குப் போனது. தலைப்பை வாசித்தார், படங்களைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, ஆள் உள்ள எறங்குனதுக்கப்புறம் எதுக்கு மீட்டர் வச்சுப் பாக்குறாங்க?"

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் படமெல்லாம் நான் பாத்த பேப்பர்ல இல்லியே?"

"எடுத்துட்டுத்தான் குடுத்தேன் ஹஜ்ரத். நீங்க உருவப்படம் பாக்க மாட்டீங்கன்னு..."

"யாரும்மா அப்படிச் சொன்னா?" என்றார். அவர் குரலில் கோபமில்லை, நிஜமான ஆச்சரியம். "தினம் டீக்கடையில உக்காந்து பேப்பர் படிக்கிறவந்தானே நானு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

ஒரு வார்த்தை. அவரிடமும் கேட்கவில்லை, பாயிடமும் கேட்கவில்லை. எல்லாம் எனக்கே தெரியும் என்று இருந்தேன்.

படங்களை இடம் மாற்றினேன். நாலு தடவை மவுஸை இழுத்தால் முடிகிற வேலை. பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே திருத்திய ஸ்லைடைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, போனிலும் விவரமாகப் பேசினார். அங்கே ஸ்லைடை மாற்றிக்கொண்டார்களாம். பழைய ரிப்போர்ட்டைத் திறக்க யாரும் தயாராக இல்லையாம். தம்பி கேட்டுப் பார்த்தார், மறுபடியும் கேட்டார், அதற்குமேல் கேட்டால் அவர் வேலைக்கே ஆபத்து என்றார்கள். பாய் என்னிடம், "வீட்டுல சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லிடுங்கம்மா. நாளாக நாளாக வாயில வராது."

அவர் சொன்னதுபோலவே ஆனது. ஒவ்வொரு முறை அக்கா வீட்டுக்குப் போகும்போதும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போவேன். அக்கா கோழிக்குழம்பு வைப்பாள். பிள்ளைகள் மடியில் ஏறுவார்கள். அக்கா அத்தானைத் திட்டுவாள். நான் குழம்பை ஊற்றிக்கொண்டு தலையைக் குனிந்து சாப்பிடுவேன். ஒரு தட்டுக்கு முன்னால் அத்தானும் தலை குனிந்திருப்பார், இன்னொரு தட்டுக்கு முன்னால் நானும். எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு மீட்டர் ரிப்பேராக இருந்திருக்கலாம். அந்த மேஸ்திரிக்கு வேலையே தெரியாமல் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தான். ஆனால் அத்தானின் கை வலப்பக்கத்தில்தானே ஆரம்பித்தது.

பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. அதுவும் அக்காவிடம் இல்லை, அத்தானிடம். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், அக்கா இல்லாத நேரத்தில் பழைய ஸ்லைடையும் திருத்திய ஸ்லைடையும் அவர் முன்னால் வைத்தேன். சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. பாதி அழுகையும் பாதி வார்த்தையுமாகச் சொல்லி முடித்தேன்.

அத்தான் பழைய ஸ்லைடின் அடியில் இருந்த பச்சைக்கரையை விரலால் தடவினார்.

"தெரியும் பாப்பா" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ செஞ்சதுன்னு. சுவத்துல போட்டப்பவே தெரிஞ்சிடுச்சு. நாத்தங்கால் பச்சை. பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன்... இது என் கொழுந்தியா செஞ்சது, படிச்ச புள்ளன்னு." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினார். "எனக்கு அங்கயும் விளக்கு ஞாபகம் வந்துச்சு. ஆளு எறங்குனதுக்கப்புறமா மீட்டர் பாப்பாங்க, மொதல்லயில்ல பாக்கணும்னு தோணுச்சு. அப்புறம் நெனச்சேன், நீ செஞ்சதாச்சே, தப்பா இருக்குமான்னு."

எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஆஸ்பத்திரியில கெடந்தப்ப யோசிச்சேன். அவங்க அந்தப் பக்கத்துலேருந்துதானே படிப்பாங்க. அப்பவே புரிஞ்சிடுச்சு."

"அன்னிக்கே ஏன் சொல்லல? அக்கா இத்தனை வருஷமா உங்களப் போட்டு..."

"அவளுக்குத் திட்ட ஒரு ஆளு வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி." லேப்டாப்பை அவரே மூடினார். மூடுவதற்கு அந்தக் கைக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. "அவகிட்ட சொல்லாத." சரி என்று தலையாட்டினேன்.

அக்கா வந்தாள். காபி போட்டாள். டம்ளரை வாங்கும்போது அத்தான் கொஞ்சம் சிந்திவிட்டார். "எதுலதான் நிதானம் இருக்கு இந்த மனுசனுக்கு" என்றாள். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

போன வருஷம் தாளடி அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அத்தான் போய்விட்டார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான் என்று அக்கா சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருப்பெண்கள் தோளில் தோள் கோத்து அழுதார்கள். அக்கா அவர் மார்பில் அடித்து அடித்து அழுதாள். "எதுலய்யா நீ நின்னு நிதானிச்சே? அன்னிக்கும் அவசரமா எறங்குன. இன்னிக்கும் என்னை விட்டுட்டு அவசரமாப் போறியே. போறதுலயுமா அவசரம்?"

கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டு அழுதார்கள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லைக்கா என்கிற வார்த்தை நாக்குவரைக்கும் வந்தது. அத்தான் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சொல்லாதே என்று அவர் சொன்னது காதில் கேட்டது. சொல்லவில்லை.

கருமாதி முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. அவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி கொட்டகையில் அதே இடத்தில் கிடக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரும்போது அந்த நாற்காலியைப் பார்த்து, "ஒரு நிமிசம் நின்னிருந்தா என்னவாம்" என்கிறாள். சண்டைபோடுகிற குரல்கூட இல்லை அது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரல். கேட்டுக்கொள்ள அவர் இருந்தவரைக்கும் அது ஒரு விதம். இப்போது அந்த நாற்காலியில் குனிவதற்குத் தலைகூட இல்லை. போன வாரம் அதைக் கேட்டுவிட்டு வந்தபோது பஸ் ஸ்டாண்டில் மூன்று படம் ஒட்டிய போஸ்டர் ஒன்றைப் பார்த்தேன். எதற்கான போஸ்டர் என்று நினைவில்லை. வலப்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கியவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தானுக்குக் கொடுத்த வாக்கை இதோடு முறிக்கிறேன். அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகக் கேட்டார். அவரைக் காப்பாற்ற நான் ஒன்றுமே செய்யவில்லை.

அக்கா, அத்தான் அவசரப்படவில்லை. காட்டியதைக் காட்டிய வரிசையிலேயே, நின்று நிதானமாகத்தான் செய்தார். அந்தப் படங்களை அடுக்கியவள் நான். அந்த நாற்காலியை விட்டுவிடு. திட்டுவதென்றால் இனி என்னைத் திட்டு.